அக்காவுக்குக் காது கேட்டால் போதும்

பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் அத்தானின் முழங்கால் மட்டும் குடும்பத்தோடு ஒத்துழைக்க மறுக்கிறது. உன் உடம்பு எப்படி? புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய் அல்லவா? என் மகள் வாயாடி ரிசீவரை என் காதில் வைத்து அழுத்தினாள். எனக்கு அடுப்பில் எண்ணெய் பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல்தான். நானும் "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அத்தான் எங்கே என்று நீ கேட்டாய் என அப்புறம்தான் சொன்னார்கள். செவிடன் காதில் சங்கு ஊதியது போதும். நீ எழுது, நான் படித்துக்கொள்கிறேன்.

முக்கியமான செய்திக்கு வருகிறேன். வாயாடி முழுகாமல் இருக்கிறாள். ஆகஸ்டில் பிறக்கும் என்கிறார் டாக்டர். மாப்பிள்ளைக்குக் கப்பல் வேலை என்பதால் அதுவரை எங்களோடுதான் இருப்பாள். அவள் பிறந்தபோது எனக்குக் காது நன்றாக இருந்தது. மூன்று தெருவுக்குக் கேட்கும்படி அழுதாள். அவள் குழந்தை அழுவதை மட்டும் நான் அது வாய் திறப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். காது மெஷின் வாங்கித் தருகிறேன் என்று நீ சொல்லியிருக்கிறாய். அவசரமில்லை. உன் சம்பளத்துக்கு அது எட்டாது என்று எனக்குத் தெரியும்.

அங்கே யாரிடமும் எதுவும் வாங்காதே. "எடை அளவு ஆய்வாளர்னா சும்மாவா? ஊர்ல இருக்கிற தராசு எல்லாம் அவர் முகத்தைப் பாத்துதான் சாயும்" என்கிறார் அத்தான். தராசு சாயட்டும், நீ சாயாதே.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். தண்ணீர் ஒத்துக்கொண்டது, ஊர்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வாயாடிக்குத் தாய்மாமனின் ஆசிகள். அத்தானின் முழங்காலுக்கும்தான்.

வேலை எப்படி என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தராசு, எடைக்கல், லிட்டர் குவளை எல்லாம் சரியாக அளக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும். எனக்கு உதவியாளர் ஒருவர் இருக்கிறார். முத்திரை அச்சு வைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே வருவதால் ஊரே அவரை 'முத்திரை' என்றுதான் கூப்பிடுகிறது. நல்ல மனிதர். பல்லில் எப்போதும் ஒரு குச்சி. எதைச் சொன்னாலும் "எல்லாம் சரியாயிடும் சார்" என்பார்.

இங்கே மொத்தச் சந்தையில் லாரி ஏறி நிற்கிற எடைமேடை ஒன்று இருக்கிறது. சோதனைக் கற்களை ஏற்றிப் பார்த்தேன். நடுவில் வைத்தால் சரியாகக் காட்டுகிறது. விளைச்சல் கொண்டுவருகிறவர்கள் வண்டியை நிறுத்துகிற ஓரத்தில் வைத்தால் குறைத்துக் காட்டுகிறது. அன்றே பூட்டி சீல் வைத்துவிட்டேன்.

விஷயம் என்னவென்றால், இது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. வெங்காயம் கொண்டுவருகிற ஓர் அம்மாள் சொன்னாள்: "தெரியும் சார். எங்க மாமனார் காலத்துலேருந்து அது அப்படித்தான்." புகார் எழுதித் தாருங்கள் என்றேன். "அது ஆபீசர் வேலை. நாங்க எழுதினா நாளைக்கு எங்க சரக்கை யார் வாங்குவா?" என்றாள். ஆபீசில் கேட்டால், "யாரும் புகார் குடுக்கலையே, நமக்கு எதுக்கு?" என்கிறார்கள். பூனைக்கு மணி கட்டுகிற வேலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளுகிறார்கள். பூனை நிம்மதியாகப் பால் குடிக்கிறது.

இன்னொரு கூத்து. சீல் வைத்த மறுநாள் ஒரு பழக்கூடை வந்தது. வேண்டாம் என்றேன். அதற்கடுத்த நாள் இரண்டு கூடை. வேண்டாம் என்றேன். பிறகு ஒரு மின்விசிறி! நான் பேரம் பேசுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். 'புது சாருக்கு ரேட் ஜாஸ்தி' என்று சந்தையில் பேச்சாம். வேண்டாம் என்பதை வேறு எப்படித்தான் சொல்வது? கடைசியில் வியாபாரிகள் சங்கத் தலைவரே வந்தார். "உங்களுக்கு என்னதான் வேணும், வாயைத் திறந்து சொல்லுங்க சார்" என்றார். எனக்கு எரிச்சல். "எனக்கு ஒண்ணும் வேணாம். எங்க அக்காவுக்குக் காது கேட்டா போதும். உங்களால முடியுமா?" என்றேன். மனிதர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். முத்திரையும் பக்கத்தில் நின்று தலைகுனிந்துகொண்டார். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மெஷின் விஷயத்தை நான் மறக்கவில்லை அக்கா. கொஞ்சம் பொறு.

தம்பி

மார்ச் 16

அடே கள்ளத் தம்பி,

நலம் விசாரிக்கவெல்லாம் பொறுமை இல்லை. எனக்குக் கேட்கிறது!

போன வாரம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் காது சோதிக்கிறவர், இன்னொருவர் அவருக்குத் துணை. 'சார் அனுப்பினாங்க' என்று எழுதிக் காட்டி, காதுக்குள் மெழுகு மாதிரி எதையோ வைத்து அச்செடுத்துப் போனார்கள். இந்தச் செவ்வாய்க்கிழமை மெஷினோடு வந்தார்கள். மாட்டினார், திருகினார். முதலில் ஒரே கரகரப்பு. அப்புறம் துணைக்கு வந்தவர் குனிந்து, "இப்போ சந்தோஷம்தானே அக்கா? இனிமே எல்லாம் சரியாயிடும்" என்றார். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எனக்குக் கேட்ட முதல் பேச்சு அதுதான். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவருக்கு இரண்டு டம்ளர் காபி கொடுத்தேன்.

சமையலறைக் குழாய் எவ்வளவு காலமாகச் சொட்டுகிறதோ, யாரும் எனக்குச் சொல்லவில்லை. உன் அத்தானோ, நான் எது சொன்னாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பதிலுக்குப் பதில் பேசியே காலம் தள்ளியிருக்கிறார். நேற்றுத்தான் கையும் களவுமாகப் பிடித்தேன். வெலவெலத்துப் போய்விட்டார். எனக்கு இப்போது பாம்புக் காது என்று வீட்டில் எல்லோருக்கும் பயம்.

உன் சம்பளத்தில் எப்படியடா முடிந்தது? பட்டினி கிடக்கிறாயா? ஞாயிற்றுக்கிழமை போன் செய். நான்தான் எடுப்பேன், வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

சந்தோஷத்தில் எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்.

அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். உன் குரல் கேட்டதில் மனசும் நலம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு வார்த்தை பேச விடவில்லை. சிரித்தாய், அழுதாய், நான் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது என்றாய். சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே போனை வைத்துவிட்டேன்.

அக்கா, அந்த மெஷினை நான் அனுப்பவில்லை.

அத்தான்தான் வாங்கி என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். ஓய்வுபெற்றபோது வந்ததில் ஏதாவது ஒதுக்கி வைத்திருப்பார். என் வாக்கைக் காப்பாற்ற அவர் இப்படிச் செய்திருந்தால் அவர் காலில்தான் விழ வேண்டும். நைசாகக் கேட்டுப் பார்.

எனக்கு இங்கே ஒன்றும் பிடிபடவில்லை. முத்திரை அச்சை வைத்துப் பூட்டுகிற அலமாரியின் சாவியை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் பயிற்சிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் எடைமேடை ஓடுகிறது. பழுது பார்த்து, விதிப்படி முத்திரை வைத்தாகிவிட்டது என்கிறார்கள். கூடை, விசிறி எதுவும் இப்போது வருவதில்லை. சந்தைக்குள் நுழைந்தால் சிரித்துக்கொண்டே எழுந்து வழிவிடுகிறார்கள். சங்கத் தலைவர் என் தோளில் கைபோட்டு, "உங்களை மாதிரி குடும்பப் பாசம் உள்ள ஆபீசரைப் பாத்ததே இல்ல" என்றார். நான் நேர்மையாக இருந்ததற்குத்தான் இந்த மரியாதை என்று வைத்துக்கொண்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லையா?

உன்னிடம் வந்த இரண்டாவது ஆள் எப்படி இருந்தார் என்று எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 21

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம், எனக்குத்தான் குழப்பம். உன் அத்தானிடம் நைசாகவும் கேட்டேன், நைசில்லாமலும் கேட்டேன். "நான் வாங்கலை" என்கிறார். ஆனால் மீசைக்குள் சிரித்துக்கொண்டு சொல்கிறார். நம்புவதா வேண்டாமா? அவர்தான் வாங்கினார் என்று வாயாடி முடிவுகட்டி, வேளைக்கு வேளை தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக வைக்கிறாள். அந்த உபசாரத்தை விட மனசில்லாமல் மனிதர் இப்போது அழுத்தமாக மறுப்பதையும் நிறுத்திவிட்டார். யார் வாங்கினால் என்ன, வீட்டுக்குள்தானே இருக்கிறது?

ஆளைப் பற்றிக் கேட்டாய். நடுத்தர வயது. தோளில் ஒரு பை. பல்லில் குச்சி, காபி குடிக்கும்போதுகூட எடுக்கவில்லை. எல்லாம் சரியாயிடும், எல்லாம் சரியாயிடும் என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர் என்று தோன்றியது. அவரைத் தெரியுமா உனக்கு?

திங்கட்கிழமை வாயாடியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அவள் வயிற்றில் ஒரு கருவியை வைத்து, "கேளுங்கம்மா" என்றார். குதிரை ஓடுகிற மாதிரி தடதடவென்று ஒரு சத்தம். அதுதான் குழந்தையின் நெஞ்சாம். இனி ஆகஸ்டு வரைக்கும் எனக்கு வேறு எதுவும் வேண்டாம் தம்பி. அழுகையைக் கேட்டுவிட்டால் போதும்.

வெயிலில் அலையாதே.

அக்கா

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இதை உன் காதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனவர் என் உதவியாளர் முத்திரை. மெஷின் வாங்கிக் கொடுத்தது வியாபாரிகள் சங்கம்.

உன் கடிதத்தைப் படித்த அன்றே, யாருக்கும் சொல்லாமல் சோதனைக் கற்களை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். மேடையின் ஓரத்தில் ஏற்றினேன். பழையபடி குறைவாகத்தான் காட்டியது. அடியில் என் முத்திரை. நான் ஊரில் இல்லாதபோது என் அலமாரியைத் திறந்து குத்தியது. உதவியாளரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்கதானே சார் கேட்டீங்க?"

"நான் எப்போ கேட்டேன்?"

"அக்காவுக்குக் காது கேட்டா போதும், உங்களால முடியுமான்னு தலைவர்கிட்ட கேட்டீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன், விலாசம் உங்க கடுதாசி உறையிலேயே இருந்துச்சு. அவனவன் வீடு கேக்குறான், வண்டி கேக்குறான், நம்ம சார் அக்காவுக்காகக் கேக்குறாரேன்னு தலைவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதேன்னுதான் காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சோம்."

அவர் கேலி செய்யவில்லை அக்கா. நிஜமாகவே எனக்கு நல்லது செய்ததாக நினைக்கிறார். அப்போதிலிருந்து என் தலைக்குள் ஒரே சுழல். நான் வேடிக்கையாகத்தான் சொன்னேனா? உள்ளுக்குள் எங்கோ கேட்டுவிட்டேனா? அவர்கள் பாஷையில் வேண்டாம் என்ற சொல்லே கிடையாது என்று தெரிந்துகொண்டே ஏன் வாயைக் கொடுத்தேன்?

ஊழல் தடுப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுதுகிறேன். சங்கத்தின் மேல், முத்திரையின் மேல், என் மேலும்தான். அவர்கள் முதலில் கேட்கப்போவது, கொடுத்த பொருள் எங்கே என்று. அது இல்லாமல் புகார் வெறும் பேச்சு. என் முத்திரையே அடியில் இருப்பதால் நானே மறுபடி பூட்டவும் முடியாது, மேடையும் அதுவரை ஓடிக்கொண்டே இருக்கும். அலுவலக விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். மன்னித்துவிடு.

தம்பி

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம்தானே? போன கடிதம் கிடைத்ததா? இரண்டு தடவை போன் செய்தேன். நீ தூங்குகிறாய் என்றாள் வாயாடி. பகல் பதினோரு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததில்லை.

புகாரைக் கொடுத்துவிட்டேன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை அதிகாரி ஓர் அம்மாள், கறாரானவர். "பொருள் இல்ல, சாட்சி இல்ல. உங்க மேல நீங்களே குடுத்த புகார் மட்டும் இருக்கு. இதை வெச்சு நான் உங்களை மட்டும்தான் பிடிக்க முடியும்" என்றார்.

வெங்காயக்கார அம்மாளைத் தேடிப் போனேன். மேடை குறைத்துக் காட்டுகிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றேன். "உங்க வீட்டுக்கு வந்த சாமான் முதல்ல வெளிய வரட்டும் சார், அப்புறம் எங்களைக் கேளுங்க" என்றாள்.

எழுது அக்கா. திட்டியாவது எழுது.

தம்பி

ஜூன் 27

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுகிறேன். என் முழங்கால் தேவலை. உன் அக்காவுக்கு வலது கையில் சுளுக்கு. அதனால் எழுத முடியவில்லை என்று உனக்குத் தெரிவிக்கச் சொன்னாள். மற்றபடி நன்றாக இருக்கிறாள். காலை முதல் சாயங்காலம்வரை பிறக்கப்போகிற குழந்தைக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறாள். மூன்று முடித்துவிட்டாள்.

கடிதத்தில் என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். முன்பெல்லாம் தூங்கப் போகும்போது மெஷினைக் கழற்றி வைப்பாள். இப்போது கழற்றுவதே இல்லை. காதோரம் புண்ணாகிவிட்டது, அப்போதும் கழற்றமாட்டேன் என்கிறாள்.

அதை நான் வாங்கவில்லை என்பதை எழுத்திலும் சொல்லிவிடுகிறேன். முதலிலேயே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

அத்தான்

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுளுக்கு சரியாகட்டும். காதோரப் புண்ணுக்கு மருந்து போடு.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். வாங்காதே என்று முதல் கடிதத்தில் எழுதியவளே நீதானே என்று சண்டை போட்டு ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். கிழித்த பிறகு அதில் ஒரு வரி சரிதானே என்று தோன்றியது. அப்புறம் அதுவும் தோன்றவில்லை.

நேற்று விசாரணை அதிகாரி, "ஆகஸ்டு வரைக்கும் தவணை வேணுமா?" என்று கேட்டார். வாயாடியின் பிரசவத்தைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன், ஆனாலும் ஆகஸ்டு என்று அவரேதான் சொன்னார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சும்மா நின்றேன். அவர் தவணை எழுதிக்கொண்டார். நான் கேட்டேனா, கேட்கவில்லையா? மறுபடியும் அதே குழப்பம்.

தினமும் சந்தை வாசல்வரை நடந்து போய்விட்டு வருகிறேன். மேடையில் வண்டிகள் ஏறி இறங்குகின்றன. ஒவ்வொரு வண்டியும் அங்கே கொஞ்சம் விட்டுவிட்டுப் போகிறது. அது நம் வீட்டுக் கணக்கில் போகிறது அக்கா. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

வாயாடியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

தம்பி

ஆகஸ்டு 17

அன்புத் தம்பிக்கு,

தாயும் சேயும் நலம். பெண் குழந்தை. எனக்கு எந்தச் சுளுக்கும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை.

பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதலில் வாயாடியின் சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு, பூனைக்குட்டி கோபித்துக்கொண்ட மாதிரி ஓர் அழுகை. நிற்கும், இழுக்கும், மறுபடி ஆரம்பிக்கும். அது ஓயும்வரை கேட்டேன். ஓய்ந்ததும் மெஷினைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். நர்ஸ் வெளியே வந்து ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. பேத்தி என்று உன் அத்தான்தான் எழுதிக் காட்டினார்.

வாயாடி வீட்டுக்கு வந்ததும் அத்தானை இழுத்துக்கொண்டு உன் ஊருக்கு பஸ் ஏறினேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ நிலையத்துக்கு வந்து நிற்பாய். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தைரியம் போய்விடும்.

நேராக அந்த அலுவலகத்துக்குப் போனோம், அன்று சங்கத்துக்காரர்களை விசாரிக்கிற நாளாம். நீ சொன்ன அந்தக் கறார் அதிகாரி அம்மாள்தான் இருந்தார். என்னவோ கேட்டார். "எழுதிக் காட்டுங்கம்மா, எனக்குக் கேக்காது" என்று சொல்லிக் கைக்குட்டையை மேசைமேல் அவிழ்த்து வைத்தேன். அவர் எழுதினார், நானும் எழுதினேன். யார் வந்தார், என்ன சொன்னார், எல்லாம் எழுதினேன். சங்கத்து வக்கீலாம், ஒருவர் எழுந்து கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது மட்டும் தெரிந்தது. நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

'இது லஞ்சம் என்று உங்களுக்கு எப்போது தெரியும்?'

'மே மாதம்.'

'ஏன் இத்தனை நாள் தரவில்லை?'

'என் பேத்தி அழுவதற்காகக் காத்திருந்தேன்.'

அந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு அடியில் கோடு போட்டார். அப்புறம், 'இதற்கு உங்கள் மேலும் கேள்வி வரலாம்' என்று எழுதினார். 'வரட்டும், இதையும் சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைவர் கொடுத்தது மெஷின். அந்த அழுகை நானாக எடுத்துக்கொண்டது. யார் வண்டியிலிருந்து குறைந்ததோ, அவர்கள் என்னைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நினைக்கவே வெட்கமாக இருக்கிறது.

வெளியே வரும்போது தாழ்வாரத்தில் ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னாள். வாயைப் பார்த்தும் புரியவில்லை. கண் கலங்கியிருந்தது. நான் அவளை வருத்தப்படுத்தக் கூடாதே என்று பலமாகத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். என்ன கேட்டாளோ, எதற்குத் தலையாட்டினேனோ.

என்மேல் கோபமா?

அக்கா

செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பேத்திக்கு என் முத்தம். கோபமில்லை. இருந்தது, போய்விட்டது.

தாழ்வாரத்தில் உன் கையைப் பிடித்தது வெங்காயக்கார அம்மாள். நான் மாட்டிக்கொள்வேனா தப்பிப்பேனா என்று பார்க்க வந்தவளாம். நீ மெஷினைக் கழற்றிக் கொடுத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். உன்னிடம் அவள் கேட்டது: "நானும் உள்ள போய்ச் சொல்லட்டுமாம்மா? பயமா இருக்கு. சொன்னா என் பக்கம் யாராவது நிப்பாங்களா?" நீ பலமாகத் தலையாட்டினாயாம். அவள் நேராக உள்ளே போய்விட்டாள்.

உனக்குக் காது கேட்காது என்று அவளிடம் சொன்னேன். "கேக்காமயேவா அப்படித் தலையாட்டினாங்க!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறவில்லை. அவளைப் பார்த்து இன்னும் சிலர் எழுதினார்கள். எடைமேடைக்கு மறுபடி பூட்டு விழுந்துவிட்டது. அடுத்த சோதனையின்போது கற்களைத் தாங்களும் தூக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தாராளமாகத் தூக்கட்டும், எனக்கும் முதுகு வலிக்கிறது.

முத்திரையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் என்ன தப்பு செய்தேன் என்று அவர் இன்னும் என்னையே கேட்கிறார். தலைவர் என் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்கிறார். என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின்மேல் விசாரணை முடியவில்லை. முடிந்தாலும் எனக்குள் முடியுமா என்று தெரியவில்லை.

பெரிய அரசு மருத்துவமனையில் காது மெஷின் கொடுக்கிறார்கள். உன் பெயரைப் பதிந்துவிட்டு வந்தேன். வரிசை நீளம், ஒரு வருஷம் ஆகலாமாம். ஜன்னலில் இருந்தவர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சார் நம்ம ஆளு. முன்னாடி போட்டுடட்டுமா?" என்றார். இந்தத் தடவை வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. "வேணாம். எங்க முறை வரும்போது கூப்பிடுங்க" என்றேன். புரிந்ததா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.

நான் சொன்னது சரிதானே அக்கா?

தம்பி

அக்டோபர் 5

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். சமையலறைக் குழாயை உன் அத்தான் சரிசெய்துவிட்டாராம். நான் நம்பவில்லை, அடியில் கிண்ணம் வைத்துப் பார்த்தேன். உண்மைதான். என் முதுகுக்குப் பின்னால் பதில் பேசுகிற வழக்கத்தை மறுபடி ஆரம்பித்துவிட்டார். தோள் குலுங்குவதை வைத்தே கண்டுபிடிக்கிறேன்.

நீ ஜன்னலில் சொன்னது சரி. சரியில்லாமல் என்ன? ஆனாலும் உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் 'முட்டாள், முன்னாடி போடச் சொல்லியிருக்கலாமே' என்றுதான் நினைத்தேன். உன்னிடம் மறைப்பானேன்.

குழந்தை இப்போது அழுகிறது. முகம் சிவந்து, வாய் திறந்திருக்கிறது. வாயாடி என் கையை எடுத்து அதன் வயிற்றின்மேல் வைத்தாள். கைக்குள் திமுதிமுவென்று அதிர்கிறது. ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் இதை எழுதுகிறேன்.

நம் முறை வரும்போது இவள் பேச ஆரம்பித்திருப்பாள். அழுகையை நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். முதல் பேச்சையாவது வரிசையில் நின்று கேட்கிறேன்.

அதுவரைக்கும் போன் வேண்டாம். நீ எழுது.

அக்கா